ஃபாரடேயின் சிவப்புத் தங்கம்

தங்கம் என்ன நிறம்னு கேட்டா யாரும் யோசிக்க மாட்டோம், மஞ்சள்னு சொல்லிடுவோம். ஆனா 1850-களில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஒருத்தர் பாட்டில்ல அடைச்ச தங்கம், மாதுளம்பழச் சாறு மாதிரி சிவப்பா இருந்தது. அதில் சில பாட்டில்கள் இன்னைக்கும் அங்கே பத்திரமா இருக்கு. மருந்து கண்டுபிடிக்கிற வேலைக்கு உதவும் ஒரு பயோசென்சாரோட கதையை நான் அந்த பாட்டில்களிலிருந்துதான் தொடங்கணும்.

அதைச் செஞ்சவர் மைக்கேல் ஃபாரடே. ஸ்கூல்ல மின்சாரப் பாடத்துல வருவாரே, அவரேதான். ஒளியும் தங்கமும் சந்திச்சா என்ன நடக்குதுன்னு பார்க்க, தங்க உப்புக் கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்தார். கரைசல் சிவந்தது. தங்கம் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நுணுக்கமான துகள்களாகப் பிரிஞ்சு கிடப்பதுதான் காரணம் என்று 1857-ல் ராயல் சொசைட்டியில் விளக்கினார். அதில் உப்பைப் போட்டால் சிவப்பு நீலமாகிவிடுவதையும் கவனிச்சிருந்தார்.

அது ஏன்னு இப்போ நமக்குத் தெரியும். இந்தத் துகள்களில் உள்ள எலக்ட்ரான்கள் ஒளி பட்டதும் ஒண்ணா சேர்ந்து அதிரும். துகள்கள் தள்ளித் தள்ளி இருந்தா கரைசல் சிவப்பு. நெருங்கிட்டா அதிர்வு மாறும், நிறம் ஊதா, நீலம்னு போகும். உப்பு செஞ்சது அவற்றை நெருங்க வெச்சதுதான்.

கிட்டத்தட்ட 140 வருஷம் கழிச்சு, 1996-ல், அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கினும் ராபர்ட் லெட்ஸிங்கரும் அடங்கிய குழு, 13 நானோமீட்டர் தங்கத் துகள்கள் மேல குட்டி டிஎன்ஏ இழைகளை ஒட்டினாங்க. அவற்றோடு ஜோடி சேரக்கூடிய இன்னொரு இழையைப் போட்டதும் துகள்கள் கோர்த்துக்கொண்டன, நிறம் மாறியது. சூடாக்கினால் ஜோடி பிரிந்து மறுபடியும் சிவப்பு. அதாவது, டிஎன்ஏ சேருவதையும் பிரிவதையும் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். உயிர் மூலக்கூறுகளுக்குள் நடப்பதை இப்படி நாம படிக்கிற அடையாளமா மாத்தித் தருவதைத்தான் பயோசென்சார்னு சொல்றோம்.

சரி, இதில் மருந்து எங்கே வருது? புற்றுநோய் மருந்துகளில் சில, உதாரணமா டானோரூபிசின், டிஎன்ஏ-வின் படிகளுக்கு நடுவில் போய்ச் சொருகிக்கொள்ளும். அப்படி ஒட்டக்கூடிய புது மூலக்கூறு வேணும்னா, ஆயிரக்கணக்கானவற்றைச் சலிச்சுப் பார்க்கணும். 2006-ல் மிர்கின் குழு காட்டிய வழி ரொம்ப எளிமையானது. டிஎன்ஏ-வால் கோர்த்த தங்கத் துகள்களைக் குட்டிக் குட்டிக் குழிகளில் ஊத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு மூலக்கூறைச் சேர்த்துச் சூடாக்கணும். மூலக்கூறு ஒட்டாத குழியில் ஜோடி சீக்கிரம் பிரியும், சிவப்பு வந்துடும். நல்லா ஒட்டினால் ஜோடி இறுகும், சிவப்பு வர இன்னும் அதிகச் சூடு வேணும். எந்தச் சூட்டில் சிவக்குதுன்னு பார்த்தாலே, எது எவ்வளவு பலமா ஒட்டுதுன்னு தெரிஞ்சுடும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். 'தங்க நானோ துகள் மருந்து கண்டுபிடிச்சது'ன்னு தலைப்பு பார்த்தா நம்பிடாதீங்க. எத்திடியம் புரோமைடுகூட டிஎன்ஏ-வில் அருமையா ஒட்டும். லேப்ல அதைக் கையுறை போடாம தொட மாட்டாங்க. ஒட்டுதா இல்லையாங்கிற கேள்விக்கு மட்டும்தான் நிறம் பதில் சொல்லும். அது உடம்புக்குள்ள போய்ச் சேருமா, நல்ல செல்லை விட்டுவைக்குமான்னு அதுக்குத் தெரியாது. அதுக்கப்புறம் செல்கள், விலங்குகள், மனிதர்கள்னு வருஷக்கணக்கான சோதனை பாக்கி இருக்கு.

ஆனாலும் அந்த நீண்ட வரிசையில் யாரை முதல்ல உள்ளே விடணும்னு சீக்கிரமா, குறைஞ்ச செலவில் தெரிஞ்சுக்கிறது சின்ன விஷயம் இல்லை. ஃபாரடே மருந்தைத் தேடவே இல்லை, ஒளியைத்தான் தேடினார். உடனே என்ன பிரயோஜனம்னு கேட்டிருந்தா அவர்கிட்ட இந்தப் பதில் இருந்திருக்காது. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குறவங்க இதை ஒரு நிமிஷம் யோசிக்கணும்னு எனக்குத் தோணுது. உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.