இடிபாடு இல்லாத கோட்டைகள்

தமிழனுக்குச் சரித்திரப் பிரக்ஞை இல்லை என்ற குற்றச்சாட்டை நம்மவர்கள் சொல்லிச் சொல்லி அது ஒரு வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. சாட்சியாக எப்போதும் காட்டப்படுவது ஐரோப்பா. ரைன் நதிக்கரையில் குன்றுக்கொரு கோட்டை இடிந்தபடி நிற்கிறது, ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள், கவிஞர்கள் பாடியிருக்கிறார்கள். நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். விருதுநகரைச் சுற்றியுள்ள பாளையக்காரர் ஊர்களில் சில வருஷங்களாகக் கோட்டை தேடி அலைந்தவன் என்ற முறையில், இந்தக் கேள்வியிலேயே ஒரு கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இடிபாடு என்பது கல் கொடுக்கிற சௌகரியம். கல் மெதுவாகச் சாகும். ஸ்ரீவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் மஹால் இன்றும் நிற்கிறதென்றால், அதைக் கட்டியவனுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் வாய்த்தன. பாளையக்காரன் கட்டியது மண்ணால். குழைத்த மண்ணில் சுவர், சதுரமான கொத்தளங்கள், வெளியே முள்வேலி. பீரங்கிக் குண்டு கல்லில் பட்டால் கல் சிதறும். தடித்த மண்சுவரில் பட்டால் உள்ளே புதைந்து அடங்கிவிடும். கம்பெனிப் படைகள் 1755 முதல் அரை நூற்றாண்டு இந்தச் சுவர்களோடு மோதின. நெல்கட்டும்செவலில் பூலித்தேவனின் மண்கோட்டை முன்னால் கர்னல் ஹெரான் வெறுங்கையோடு திரும்பினான். மண் என்பது ஏழ்மையின் அடையாளமல்ல, தேர்ந்த யுத்த புத்தி என்பதை எதிரி நம்மைவிடச் சீக்கிரம் தெரிந்துகொண்டான்.

1799 செப்டம்பர் 5ஆம் தேதி மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினான். அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். இது எல்லோருக்கும் தெரிந்தது; சினிமா சொல்லிக் கொடுத்திருக்கிறது. அதற்குப் பின் நடந்ததுதான் என் விஷயத்துக்கு முக்கியம். பாஞ்சாலங்குறிச்சியோடு ஏழாயிரம்பண்ணை, கோல்வார்பட்டி, நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர் பாளையங்களும் பறிமுதலாயின. எல்லாப் பாளையக்காரர்களும் தங்கள் கோட்டைகளைத் தாங்களே இடித்துவிட வேண்டும், மறுபடி கட்டக்கூடாது, துப்பாக்கியும் ஈட்டியும் வைத்திருக்கக்கூடாது என்று பானர்மேன் பிரகடனம் செய்தான். காகிதத்தை நம்பாமல் அதை உலோகத் தகட்டில் பொறித்துக் கொடுத்தான்.

ஆக, நம் பக்கத்துக் கோட்டைகள் காலத்தால் அழிந்தவை அல்ல, உத்தரவால் அழிந்தவை. ரைன் கரைக்கும் நமக்கும் இதில்கூட வித்தியாசம் அதிகமில்லை. அங்கேயும் பல கோட்டைகளை 1689இல் பிரெஞ்சுப் படை கொளுத்தியதுதான். கொளுத்திய பின்பும் கல் மிஞ்சியது. இங்கே இரண்டு மழைக்குப் பின் மிஞ்சியது மேடு.

1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரையும் கூட்டாளிகளும் தப்பினார்கள். சில நாட்களில் மேஜர் மெக்காலேயின் படை பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தபோது, தரைமட்டமாக்கிய இடத்தில் சுவர் எழும்பி நின்றது, ஆட்களோடு. ஆறு நாளில் கட்டியது என்கிறார்கள். அந்தப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் பிற்பாடு எழுதிய நினைவுகளில் அந்த ஆச்சரியம் தணியவே இல்லை. மார்ச் 31ஆம் தேதித் தாக்குதல் பெரும் உயிர்ச்சேதத்தோடு முறியடிக்கப்பட்டது. மேலும் படை வந்து, கர்னல் அக்னியூ தலைமையேற்று, மே 24ஆம் தேதிதான் கோட்டை விழுந்தது. நவம்பரில் ஊமைத்துரையை அதே மண்ணுக்குக் கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள். அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது இந்தப் பக்கத்து வழக்கு.

இந்த ஆறு நாளை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். முதல் தடவை கம்பெனி சுவரை இடித்தது. சுவரில் கோட்டை இல்லை. சுற்றுப்பட்டு ஊர்களின் கைப்பழக்கத்தில், எந்த மண்ணை எவ்வளவு நீர்விட்டு மிதிக்க வேண்டும் என்ற அறிவில், கூப்பிட்டால் வருகிற ஜனத்தில் இருந்தது. இரண்டாம் தடவை கம்பெனிக்கு இது விளங்கிவிட்டது. அதனால் நிலத்தையும் விட்டுவைக்கவில்லை.

அவர்களுக்கு விளங்கியது நமக்கு விளங்கவில்லை என்பதற்கு 1974இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் எழுப்பிய நினைவுக் கோட்டையே அத்தாட்சி. வாசலும் மதிலும் ஓவிய மண்டபமுமாக அது நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போய்ப் பார்க்கிறார்கள். பக்கத்திலேயே பழைய அரண்மனையின் அடித்தளம், முழங்கால் உயரத்துக்கும் குறைவாக, வெயிலில் கிடக்கிறது. அதனருகே நிற்பவர் குறைவு. 1959இல் வந்த படத்தின் போர்க்காட்சிகள் ஜெய்ப்பூரில் எடுக்கப்பட்டவை. ராஜஸ்தானத்து வெளியில் உருவான பிம்பம் நம் மனசில் ஏறி, பதினைந்து வருஷத்தில் ஓட்டப்பிடாரம் பக்கத்தில் ஸ்தூலமாக இறங்கிவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. இதில் வேடிக்கை, அங்கே அசலாக அந்தக் காலத்திலிருந்து நிற்கும் கட்டுமானம் போரில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகள்.

மறுபடி கட்டுவது நமக்கே உரிய பாமரத்தனம் என்று நினைக்க வேண்டாம். ரைன் கரையில் ஸ்டோல்ஸன்ஃபெல்ஸ் கோட்டையை 1842இல் பிரஷ்ய ராஜா தன் கற்பனைக்கு ஏற்ப எழுப்பிக்கொண்டான். ஆனால் ஹைடல்பர்க் கோட்டையையும் அப்படிப் புதுப்பிக்கப் பார்த்தபோது, கியோர்க் டேஹியோ என்ற கலை வரலாற்றாசிரியர் 1901இல் எதிர்த்து எழுதினார். இருப்பதைப் பாதுகாக்கலாம், இல்லாததை மீட்டுக் கட்டக்கூடாது என்பது அவர் கட்சி. ஹைடல்பர்க்கின் பெரும்பகுதி இன்றும் இடிபாடாகவே இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து வியன்னாவில் அலாய்ஸ் ரீகல், நினைவுச் சின்னமாகவே செய்யப்பட்டவை வேறு, காலம் சின்னமாக்கியவை வேறு என்று பிரித்துக் காட்டினார். பாஞ்சாலங்குறிச்சியில் நடந்திருப்பது முதலாவது இரண்டாவதை மறைத்தது. அங்கே இந்தச் சண்டையைப் போட ஆள் இருந்தது. இங்கே 1974இல் யார் போட்டார்கள்?

சாத்தூருக்கு மேற்கேயும் தெற்கேயும் நான் பார்த்த ஊர்களில் ஒன்றில், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கோட்டை எங்கே என்று விசாரித்தேன். “அந்தா கெடக்குல்ல மேடு, அதத்தான் தம்பி கோட்டைன்னு சொல்லுவாக. எங்க அய்யா காலத்துல இன்னும் ஒசரமாக் கெடந்துச்சாம். நல்ல மண்ணுன்னு அவரவரு வண்டி போட்டு அள்ளிட்டாக” என்றார். வீட்டுச் சுவருக்கும் காட்டுக்கும் போயிருக்கிறது. இதை அழிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊர் கொடுத்த மண்ணை ஊர் திரும்ப எடுத்துக்கொண்டது. அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை எந்த இலாகாவும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

ஏழாயிரம்பண்ணைப் பாதையில் இன்று கண்ணில் படுவது பட்டாசுத் தொழிற்சாலைகள்தான். ஒன்று வெடித்தால் மற்றதுக்குப் பரவாதபடி தள்ளித் தள்ளிக் கட்டிய சிறு அறைகள். வெடிமருந்தைப் பானர்மேன் பறித்த அதே நிலத்தில், வெடிமருந்தைக் கையால் அள்ளி ஜனம் பிழைக்கிறது. கூரை பறந்து, மூன்று சுவர் கருகி, நடுவில் சீமைக்கருவேலம் முளைத்த ஓர் அறையைப் பாதையோரம் பார்த்தேன். எத்தனையோ நாள் தேடியதில் இந்த வட்டாரத்தில் எனக்கு அகப்பட்ட ஒரே முழுமையான இடிபாடு அது. சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5ஆம் தேதி நடந்த வெடிவிபத்தில் முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். தேதியின் ஒற்றுமைக்கு நான் அர்த்தம் எதுவும் கற்பிக்கவில்லை. ஒரு செப்டம்பர் 5 பாடப்புத்தகத்தில் இருக்கிறது, மற்றது இல்லை, அவ்வளவே.

செத்தவனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் செத்த காரணத்தையும் வெட்டி வைத்த மரபு நம்முடையது. சுவரைக் காப்பாற்றுவது நம் வழக்கமாக இல்லாமல் இருக்கலாம். ஆளைக் காப்பாற்றி வைக்கத் தெரிந்திருந்தது. கட்டபொம்மு கதைப்பாடலை வில்லிலும் உடுக்கிலும் பாடியவர்களும் அந்த வேலையைத்தான் செய்தார்கள், நா. வானமாமலை அதை அச்சிலேற்றினார். சரித்திரப் பிரக்ஞை என்று எதையாவது சொல்லலாம் என்றால் அதைத்தான் சொல்வேன். இன்னொரு மதில் வேண்டாம். மிச்சமிருக்கும் மேடுகள் எவை எவை என்று யாராவது ஒரு தடவை நடந்து குறித்துக்கொள்ளட்டும். அந்தக் கருகிய அறைகளில் வேலை பார்த்தவர்களின் பெயர்களையும் அதே நோட்டில் எழுதட்டும்.