நிறம் மாறினால் போதுமா? சாயமேற்றிய பலபடிப் படலங்களும் கதிர்வீச்சு அளவீடும்

ஊசிக்குழல், கையுறை, அறுவை நூல் போன்றவற்றைப் பெட்டியில் அடைத்து ஒட்டிய பிறகே கோபால்ட்-60 காமாக் கதிர்களால் கிருமிநீக்கம் செய்கிறார்கள். இந்தியாவில் இத்தொழில் 1974-இல் டிராம்பேயின் ஐசோமெட் ஆலையோடு வேர்கொண்டது. இதற்கு மரபாக வழங்கிவரும் டோஸ் 25 கிலோகிரே. அதாவது ஒவ்வொரு கிலோகிராம் பொருளும் 25,000 ஜூல் ஆற்றலை ஏற்க வேண்டும். இவ்வளவு ஆற்றலும் தண்ணீரில் இறங்கினால் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ்தான் உயரும். பெட்டியைத் தொட்டுப் பார்த்து எதையும் அறிய முடியாது. சாட்சி சொல்வது அதனுடன் வைக்கும் டோசிமீட்டர். அந்த வேலைக்குச் சாயமேற்றிய படலம் நீண்டகாலமாகப் பயன்பட்டுவருகிறது.

இப்படலங்களில் சில வெளுக்கும், சில நிறம் பிடிக்கும். பாலிவினைல் ஆல்கஹாலில் மெத்திலீன் நீலம் கலந்து வார்த்தது முதல் வகை. கதிர் பட்டுப் பிறக்கும் வினையுறுப்புகள் சாய மூலக்கூறில் நிறத்துக்குக் காரணமான பகுதியைத் தாக்க, நீலம் மங்குகிறது. டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தில் உருவான பி3 படலம் இரண்டாம் வகை. பாலிவினைல் பியூட்டிராலுக்குள் நிறமற்றிருக்கும் பாராரோசனிலின் சேர்மம் கதிரேற்று இளஞ்சிவப்பாகிறது. பி3 படலத்துக்கு நிறமாலை ஒளிமானியில் 550 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஒளி உட்கவர்வை அளந்து, படலத்தின் தடிமனால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும்.

அந்த எண் இன்னும் டோஸ் ஆகிவிடவில்லை.

கதிரேற்பின்போது நிலவும் வெப்பநிலையும் படலத்துக்குள் இருக்கும் ஈரமும் நிறமாற்றத்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். கதிர் நின்ற பிறகும் நிறம் சில மணி நேரம் நகர்ந்துகொண்டிருக்கும். பி3 படலத்தைச் சுமார் 60 பாகையில் சூடேற்றி நிலைப்படுத்திய பின் அளப்பது அதனால்தான். புற ஊதா ஒளியும் நிறத்தை மாற்றும் என்பதால் வெயிலில் வைத்த படலம் பொய் சொல்லும். சிவப்புப் பெர்ஸ்பெக்ஸ் என்ற அக்ரிலிக் நெகிழியாலான டோசிமீட்டர்களை ஈரம் மாறாத உறைக்குள் அடைத்தே விற்கிறார்கள். ஆய்வகத்தில் வரைந்த அளவுத்திருத்த வளைகோடு, வேறு வெப்பநிலையும் வேறு டோஸ் வீதமும் கொண்ட ஆலையில் அப்படியே செல்லும் என்று கொள்ள இடமில்லை.

காமாக் கதிருக்குப் பதிலாகப் பயன்படும் குறைந்த ஆற்றல் எலக்ட்ரான் கற்றைகளில் சிக்கல் இன்னும் கூர்மையானது. 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான் தண்ணீரில் 0.15 மில்லிமீட்டர்கூடச் செல்லாது. அதிலும் ஒரு பங்கை இயந்திரத்தின் சன்னலும் காற்றும் விழுங்கிவிடும். 18 மைக்ரோமீட்டர் படலத்துக்குள்ளேயே மேற்புறம் ஒரு டோஸ், அடிப்புறம் வேறொரு டோஸ். இதனால்தான் ரிசோ ஆய்வாளர்கள் மேற்பரப்பின் முதல் மைக்ரோமீட்டர் பெறும் டோஸைக் கணக்கிட்டு ஒப்பிடும் முறையை முன்வைத்தார்கள்.

அலனைன் என்ற அமினோ அமிலத்தாலான டோசிமீட்டர் இவற்றைவிட நிலையானதாயிற்றே, படலம் எதற்கு என்று கேட்கலாம். அலனைனைப் படிக்க எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வுக் கருவி வேண்டும். அது விலை மிகுந்தது. படலத்தையோ நீளமாக வெட்டிப் பெட்டிக்குள் பரப்பினால், டோஸ் எங்கே குறைவு, எங்கே மிகுதி என்ற வரைபடமே கிடைத்துவிடும். ஆகவே ஒன்று மற்றொன்றுக்குப் போட்டியல்ல. அலனைன் ஒப்பளவு, படலம் அன்றாட அளவு.

புதிய சாயம், புதிய பலபடி என்று வரும் ஆய்வுகளை எடைபோடும் அளவுகோல் இதிலிருந்தே பிறக்கிறது. நிறம் டோஸுடன் சீராக மாறுகிறது என்பது தொடக்கம் மட்டுமே. ஈரம், வெப்பம், ஒளி, சேமிப்புக் காலம் ஆகியவற்றின் விளைவு, ஒரே வார்ப்பில் படலத்துக்குப் படலம் காணும் வேறுபாடு, தேசியத் தரத்துடன் இணைந்த அலனைனோடு ஆலைச் சூழலில் செய்த ஒப்பீடு, மொத்த அளவீட்டு ஐயப்பாடு ஆகிய நான்கும் கட்டுரையில் இருக்க வேண்டும். இவை இல்லாதவற்றை ஆய்விதழ்கள் சாய வேதியியல் என்ற பிரிவில் வெளியிடலாம். டோசிமீட்டர் என்ற பெயரில் ஏற்கக் கூடாது.