கிண்ணத்து ஆமையின் ஆகாரம்

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் வுல்வொர்த் போன்ற மலிவுச் சாமான் கடைகளுக்குத் தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு போன குழந்தைகளில் பலர், ஓர் அங்குலத்துக்குச் சற்றே மிகுந்த நீளமும், பசிய ஓடும், கண்ணுக்குப் பின்னால் ஒரு செந்நிறப் பட்டையும் கொண்ட ஆமைக்குஞ்சு ஒன்றையும், நடுவில் பிளாஸ்டிக் பனைமரம் நட்ட கிண்ணம் ஒன்றையும், உலர்ந்த எறும்பு முட்டை அடைத்த சிறு டப்பா ஒன்றையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது சர்வசாதாரணமாக இருந்தது. சில குஞ்சுகளின் ஓட்டின்மீது ரோஜாப்பூவும் ஊர்ப்பெயரும் வர்ணத்தால் தீட்டப்பட்டிருக்கும். வளரவேண்டிய ஓட்டுக்கு அந்த அலங்காரமே விலங்காயிற்று.

மிஸ்ஸிஸிப்பிப் பள்ளத்தாக்கின் நீர்நிலைகளில் வாழும் இந்தச் செங்காது ஆமையை, 1830-களின் இறுதியில் மாக்ஸிமிலியன் என்னும் ஜெர்மானிய இளவரசர் விஞ்ஞான உலகத்துக்கு அறிமுகம் செய்தார். நூறாண்டு கழித்து லூயிஸியானா மாகாணத்தில் அது பண்ணைப் பிராணியாகிவிட்டது. அங்கே குளங்களில் அடைத்து வைத்த பெரிய ஆமைகளுக்குக் கசாப்புக் கழிவையும் மீன் கழிவையும் கொட்டி வளர்த்தார்கள். கரையில் அவை புதைக்கும் முட்டைகளைத் தோண்டியெடுத்துப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை லட்சக்கணக்கில் பெட்டிகளில் அடைத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். இந்த வியாபாரம் செழித்ததற்கு ஆமையின் தேக அமைப்பே ஒரு காரணம். முட்டையை விட்டு வெளிவரும் குஞ்சு, வயிற்றுக்குள் எஞ்சியிருக்கும் மஞ்சள் கருவைக்கொண்டே முதல் நாட்களைக் கழித்துவிடும். பண்ணையிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து குழந்தையின் கைக்கும் அது போய்ச் சேரும்வரை அதற்கு ஆகாரம் தேடும் அவசியம் யாருக்கும் நேரவில்லை. ஆகையால் அதற்கு என்ன கொடுக்கவேண்டும் என்ற கேள்வியும் வியாபாரிகள் மனத்தில் எழவில்லை என்பது என் அபிப்பிராயம்.

டப்பாவில் இருந்தது எறும்பு முட்டைகூட அன்று, எறும்பின் கூட்டுப்புழு. ஐரோப்பாவில் தங்கமீன் வளர்த்தோர் நெடுங்காலமாகக் கையாண்ட தீனி அது. கரு தீர்ந்தபின் இதை மாத்திரம் நம்பியிருந்த குஞ்சுக்கு, சில வாரங்களிலோ மாதங்களிலோ இமைகள் வீங்கி மூடிக்கொள்ளும். உணவில் வைட்டமின் ஏ இல்லாமையால் வரும் வியாதி இது. கண் திறவாத ஆமைக்கு இரை தெரிவதில்லை. இரை தெரியாததால் அது உண்பதில்லை. உண்ணாததால் வியாதி முற்றும். கருணையுள்ள பெற்றோர் சிலர் கொத்திய மாட்டிறைச்சியும் லெட்யூஸ் கீரையும் போட்டுப் பார்த்தார்கள். இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்தோ சொற்பம். வெளிறிய லெட்யூஸில் பெரும்பாலும் தண்ணீர்தான். வெயில் படாத அறையிலே, விரலால் அழுத்தினால் அமுங்கும் அளவுக்கு ஓடு இளகியது. சுமார் முப்பது ஆண்டு வாழக்கூடிய ஒரு ஜீவன், கடையில் வாங்கிய பொம்மை உடைந்தாற்போல் உடைந்தது என்று அந்தத் தலைமுறை எண்ணிக்கொண்டது.

ஆற்றில் அது என்ன தின்கிறது என்று பார்க்க ஆள் இல்லாமல் இல்லை. 1969-இல் கிளார்க், கிப்பன்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், இந்த இனத்தில் இளம் ஆமைகள் பெரும்பாலும் பூச்சி முதலான சிறு ஜந்துக்களைத் தின்று, முதிர முதிரத் தாவர உணவுக்கு மாறுவதை எடுத்துக்காட்டினார்கள். நாக்கை நீட்டி இரையை உள்ளே தள்ளும் சக்தி இல்லாததால், அது தண்ணீருக்குள் இருந்தே விழுங்கும். கவ்விய துண்டை முன்னங்கால் நகங்களால் கிழித்துவிட்டு, நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். விரற்கடை ஆழமே தண்ணீர் நின்ற அந்தக் கிண்ணத்தில் இதற்கு வசதி ஏது?

ஆமையின் துன்பத்தைக் கண்டு சர்க்கார் அசையவில்லை. ஆமையைத் தொட்ட கையை வாயில் வைத்த குழந்தைகளுக்கு சால்மொனெல்லா கிருமியால் வயிற்றுப்போக்கும் ஜுரமும் கண்டன. 1970-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,80,000 பேர் இவ்வாறு நோயுற்றதாகக் கணக்கிட்டார்கள். 1975-இல், நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்கக் கூடாதென்று அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் தடை விதித்தது. குழந்தையின் வாய்க்குள் நுழையாத அளவு என்பதே அந்த நான்கு அங்குலத்தின் தாத்பரியம். பிறருக்காக இயற்றிய சட்டம் ஆமைக்கும் அநுகூலமாயிற்று. பெரிய ஆமையை விலை கொடுத்து வாங்குகிறவருக்குத் தொட்டியும், வெப்ப விளக்கும், புற ஊதா ஒளியும் தேவைப்பட்டன; மிதக்கும் குச்சித் தீனி, மண்புழு, முழு மீன், கரும்பச்சைக் கீரை, நீர்ப்பாசி, சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு என்று ஆகாரமும் சீர்திருந்தியது.

ஆனால் ஏற்றுமதிக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. லூயிஸியானாக் குஞ்சுகள் ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் கப்பலிலும் விமானத்திலும் சென்றன. வளர்த்தவர்கள் சலித்துக் குளங்களில் விட்டபின், 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியை நிறுத்தியது. சென்னை, திருச்சி விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து சுங்க அதிகாரிகள் இன்றும் அவ்வப்போது கைப்பற்றுபவை இதே இனத்தின் குஞ்சுகளே.