தாயின் பெயரால் ஓர் இசைத்தொகுப்பு: 'கலா'வும் உறுமியும்

முதல் நூலால் பெரும்பெயர் பெற்ற எழுத்தாளர் இரண்டாம் நூலில் தடுமாறுவது இலக்கிய அன்பர்கள் பலமுறை கண்ட காட்சி. முதல் நூலுக்குள் இருபத்தைந்து ஆண்டு வாழ்க்கை இருக்கும்; இரண்டாவதற்கு இரண்டே ஆண்டு அவகாசம்தான். பழையதையே திரும்ப எழுதினால் சலிப்பு, முற்றும் மாற்றினால் ஏமாற்றம். இசைத்துறையிலும் இந்த இக்கட்டு உண்டு. அதிலிருந்து ஓர் ஈழத்தமிழ்ப் பெண் மீண்ட வரலாற்றையும், அம்மீட்சியில் நம் நாட்டுப்புறத் தோற்கருவி ஒன்றுக்கு இருந்த பங்கையும் ஈண்டு எழுதிவைக்க விரும்புகிறோம். மின்னணு நடன இசைக்கும் தமிழ் இலக்கியக் குழுவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

எம்.ஐ.ஏ. என்னும் மேடைப்பெயரால் உலகறிந்த மாதங்கி மாயா அருள்பிரகாசம் 1975ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். கைக்குழந்தையாக ஈழத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, யாழ்ப்பாணத்திலும் சிலகாலம் சென்னையிலும் வளர்ந்து, தம் பத்துப் பதினோராம் வயதில் தாயோடும் உடன்பிறந்தாரோடும் ஏதிலியாக மீண்டும் இலண்டன் சேர்ந்தார். தந்தை அருளர், 1975இல் இலண்டனில் உருவான ஈரோஸ் இயக்கத்தின் நிறுவனர்களுள் ஒருவர். 1977 இனக்கலவரத்தின்போது கொழும்பிலிருந்து வடக்கு நோக்கித் தமிழர்களை ஏற்றிச் சென்ற கப்பலைக் களமாகக் கொண்ட 'லங்காராணி' நாவலின் ஆசிரியரும் அவரே. ஈழ இலக்கிய வரலாறு பயில்வோர் தந்தையை அறிவர். மகளை அறிந்தவர் அவர்களுள் சிலரே. இளைஞர்களிடம் கேட்டால் நிலைமை நேர்மாறு. இரு சாராரும் ஒரே வீட்டைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதை உணராமலே இருந்துவிடுகிறார்கள்.

2005இல் வந்த முதல் தொகுப்புக்கு மாயா இட்ட பெயர் 'அருளர்'. ரோலண்ட் எம்.சி.505 என்னும் சிறு தாளப்பெட்டியை வைத்துக்கொண்டு தொடங்கிய முயற்சி அது. பொருட்செலவு இல்லாத, கரடுமுரடான, துண்டுதுண்டாக வெட்டிய ஒலி. அதன்மேல் இலண்டன் தெருப்பேச்சும் போர்க்காலச் சொற்களும். பிரித்தானியாவின் மெர்க்குரி பரிசுக்கான அவ்வாண்டுப் பட்டியலில் அது இடம்பெற்றது. திறனாய்வாளர்கள் கொண்டாடினர். ஆகவே, அடுத்தது என்ன என்னும் கேள்வி உடனே எழுந்தது.

அடுத்ததை அமெரிக்காவில் செய்வதென்று திட்டம். அப்போது அங்கே கொடிகட்டிப் பறந்த இசையமைப்பாளர் டிம்பலண்டோடு பெரும்பகுதியை உருவாக்க எண்ணியிருந்தார். 2006இல் அமெரிக்க விசா சிக்கலாயிற்று. நீண்டகாலம் தங்கிப் பணிபுரியும் அனுமதி கிடைக்கவில்லை. வரலாற்றில் தடைகள் வழிகளைத் திறந்துவிட்ட இடங்கள் உண்டு. இது அவற்றுள் ஒன்று என்பது நம் துணிபு. உள்ளே விடாத நாட்டின் வாசலில் காத்திராமல் அவர் தம் ஒலிப்பதிவுக் கருவிகளோடு நாடு நாடாகப் புறப்பட்டார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா எனப் பயணம் நீண்டது. சென்னையில் ஏ.ஆர்.ரகுமானின் ஒலிப்பதிவுக்கூடம் அவருக்குத் திறந்தது. அங்கே அவர் வீணையையோ வயலினையோ தேடவில்லை. உறுமிக்காரர்களை வரவழைத்தார்.

உறுமி இடை சிறுத்த இருமுகத் தோற்கருவி. ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பர். மறுமுகத்தை வளைந்த கோலால் அழுத்தித் தேய்ப்பர். தேய்க்குங்கால் எழும் ஒலி, விலங்கொன்று அடிவயிற்றிலிருந்து உறுமுவது போலிருக்கும். கோவில் கொடையிலும் சாவு வீட்டிலும் சாமியாட்டத்திலும் ஒலிப்பது. கச்சேரி மேடைக்கு ஏற்றதன்று எனச் சபையினர் ஒதுக்கிவைத்தது. மின்னணு இசையாளர்கள் பெருங்கருவிகளைக் கொண்டு மணிக்கணக்காக முயன்று உண்டாக்கும் அடித்தொனியை, வளைத்த கோலொன்றால் நம் கலைஞர்கள் காலங்காலமாக எழுப்பி வந்திருக்கிறார்கள். மாயாவின் செவி இதைக் கண்டுகொண்டது. 2006இல் இணையத்தில் முதலில் வெளிவந்த 'பேர்ட் ஃப்ளூ' பாடல் உறுமி முழக்கத்தால் ஆனது. கோழி கத்தும் ஒலியும் சிறுவர் கூச்சலும் அதில் கலந்திருக்கும். 'ஜெயம்' (2003) படப் பாடலொன்றின் ஒலித்துண்டும் அதில் உண்டு. 'பாய்ஸ்' பாடலில் அதே உறுமி கரீபியக் கொண்டாட்டத்தோடு கைகோத்தது.

தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களை வகுக்கும்போது தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தார். முல்லைக்கு ஏறுகோட்பறை, குறிஞ்சிக்குத் தொண்டகம், பாலைக்குத் துடி என உரையாசிரியர்கள் விரித்தனர். நிலம் இருந்தால் அதற்கென ஒரு பறை இருக்கும் என்பது நம் முன்னோர் கொள்கை. இங்கே சிங்கவரத்திலிருந்து எழுதும் எமக்கு இது ஏட்டுச்செய்தி அன்று. செஞ்சி வட்டாரத்தின் பறை பம்பை. மேல்மலையனூர் அங்காளம்மன் மயானக்கொள்ளையில் பம்பையும் உடுக்கையும் இல்லாமல் ஒன்றும் நடவாது. 1714இல் களத்தில் மடிந்த தேசிங்குராஜனின் கதையும் கல்வெட்டால் அன்று, கதைப்பாடலால் வீடுதோறும் சென்றது. ஆனால் நிலம் பறிபோனவர்களுக்கு எது பறை? அவ்வினாவை இலக்கணம் எழுப்பவில்லை. 'கலா' தொகுப்பைக் கேட்கும்போது நமக்கு அவ்வினாவே எழுகிறது. ஓரிடத்தில் உறுமி, ஓரிடத்தில் ஆஸ்திரேலியத் தொல்குடிச் சிறுவர்களின் பாட்டு, ஓரிடத்தில் இலண்டன் வாழ் நைஜீரிய இளைஞனின் குரல் என அவர் திரட்டியவை யாவும் தத்தம் மண்ணில் ஓரத்தில் நிற்போரின் ஒலிகள். வெறும் சுற்றுலாத் தொகுப்பு என்று இதை இகழ்ந்தாரும் உளர். ஒலிகளை ஒட்டவைத்த தையல் வெளியே தெரியும்படி விட்டிருப்பதை நோக்க, அக்குற்றச்சாட்டை நாம் ஏற்கவில்லை.

தையல் என்ற சொல் இங்கே தற்செயலாக வந்ததன்று. கலா என்பது மாயாவின் தாயார் பெயர். இலண்டனில் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர் அவர். முதல் தொகுப்பு வீட்டில் இல்லாத தந்தையின் பெயரைத் தாங்கியது. இரண்டாவது, வீட்டைத் தாங்கியவரின் பெயரை. முன்னதைப் புறம் என்றும் பின்னதை அகம் என்றும் பிரித்துவிடத் தமிழாசிரியர்க்குக் கை துறுதுறுக்கும். அது முழுதும் பொருந்தாது. 'கலா'வில் சந்தையும் தெருவும் எல்லைக்காவலும்தான் மிகுதி. எனினும் அந்தத் தாய்வீட்டு நினைவு அங்கங்கே எட்டிப்பார்க்கிறது. தொடக்கப் பாடலான 'பேம்பூ பேங்கா'வில் 'தளபதி' (1991) படத்துக்காக இளையராஜா இசையமைத்து, யேசுதாசும் பாலசுப்ரமணியமும் இணைந்து பாடிய கொண்டாட்டப் பாடலின் துண்டு ஒலிக்கிறது. மற்றொன்று 'டிஸ்கோ டான்சர்' (1982) படத்தில் பப்பி லஹிரி இசையமைத்த 'ஜிம்மி' பாடலின் மறுவாசிப்பு. ஏதிலிக் குடும்பத்தின் வீட்டில் ஓடிய ஒலிநாடாக்கள் இவை என்று எண்ணத் தோன்றுகிறது.

முன்னர்த் திட்டமிட்ட டிம்பலண்ட் கூட்டு, 'கம் அரவுண்ட்' என ஒரேயொரு பாடலாக இறுதியில் எஞ்சியது. தொகுப்பிலேயே மிகவும் சோர்ந்த பாடல் அதுதான். விசா கிடைத்திருந்தால் முழுத் தொகுப்பும் எப்படி அமைந்திருக்கும் என்பதற்கு அப்பாடலே சான்று!

2007 ஆகஸ்டில் 'கலா' வெளிவந்தது. ரோலிங் ஸ்டோன், பிளெண்டர் ஆகிய இரு இதழ்களும் அவ்வாண்டின் மிகச்சிறந்த தொகுப்பென அதைத் தேர்ந்தன. விற்பனை முதலில் அடக்கமாகவே இருந்தது. மறு ஆண்டு நிலைமை மாறியது. 'பேப்பர் பிளேன்ஸ்' என்னும் பாடல், திரைப்பட முன்னோட்டம் ஒன்றின் வழியே பரவி, 2008இல் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது. தி கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலொன்றின் இசைத்துணுக்கின்மீது எழுந்தது அது. கள்ள விசா செய்பவரின் வாயில் பாட்டை வைத்து, துப்பாக்கிச் சத்தத்தையும் கல்லாப்பெட்டிச் சத்தத்தையும் பல்லவியாக்கி, குடியேறிகளைப் பற்றிய அச்சத்தை எள்ளி நகையாடுவது. நுழைய மறுத்த நாட்டின் வானொலியில் விசாவைக் கேலி செய்யும் பாட்டு நாள்தோறும் ஒலித்தது. ஔவையின் நாவுக்கு இத்தகைய குறும்பு உண்டு.

'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் அப்பாடல் இடம்பெற்றது. ரகுமானோடு மாயா இணைந்து உருவாக்கிய 'ஓ... சாயா' 2009 ஆஸ்கருக்குப் பரிந்துரை பெற்று, ரகுமானின் 'ஜெய் ஹோ'விடமே தோற்றது. அதே பிப்ரவரியில் கிராமி மேடையில் நிறைமாதக் கர்ப்பிணியாக நின்று பாடினார். வன்னியில் மக்கள் குண்டுவீச்சுக்கிடையே ஓடிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் அவர் அதைப் பேசினார். மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. பாட்டுக்குத் திறந்த செவிகள் அச்செய்திக்கு எந்த அளவு திறந்தன என்பதை அன்பர்களே அறிவர்.

புலம்பெயர் இலக்கியம் என்று பாடத்திட்டம் வகுக்கும் நாம் கவிதை, சிறுகதை, நாவல் என்ற மூன்றோடு நின்றுவிடுகிறோம். 'லங்காராணி'யைப் பாடமாக வைக்கும் துறையில் 'கலா'வையும் மாணவர்க்கு ஒலிக்கச் செய்யலாம். மொழி ஆங்கிலமாயினும் தாளம் தமிழ். அக்கூடத்தில் உறுமி வாசித்த கலைஞர்களைத் தேடிச்சென்று அவர்தம் வாய்மொழியைப் பதிவுசெய்ய நாட்டார் வழக்காற்றியல் மாணவர் எவரேனும் முன்வந்தால், அப்பதிவை இத்தளத்தில் வெளியிட ஆவலோடு இருக்கிறோம். அருளர் 2019இல் காலமானார். மகளின் மூன்றாம் தொகுப்பு 2010இலேயே வந்துவிட்டது. அதற்கு அவர் இட்டது தம் சொந்தப் பெயர், 'மாயா'.