எண்ணிக்கைக்குள் வராதவர்கள்: பெருந்தொற்றுக் காலத்தின் மாவட்டவாரித் தரவும் சாதியும்

கோவிட்-19 பெருந்தொற்றின் இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொரு மாலையும் மாநில அரசுகள் எண்களை வெளியிட்டன. எந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் குணமடைந்தனர், எத்தனை பேர் இறந்தனர் என்பன அவற்றில் இருந்தன. இறந்தவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு மட்டும் எந்த அறிக்கையிலும் விடை இல்லை. இத்தரவு எவ்வாறு உருவானது, எங்கே குறைபட்டது, அதை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

எண் உருவாகும் வழி

இந்தியாவில் தொற்றுநோய்களைக் கண்காணிக்க 2004ஆம் ஆண்டு முதல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இயங்கி வருகிறது. அறிகுறிகளைக் கண்டு சுகாதாரப் பணியாளர் அளிக்கும் தகவல், மருத்துவர் நோயை ஊகித்து அளிக்கும் தகவல், ஆய்வகம் உறுதிசெய்து அளிக்கும் தகவல் என மூவகைப் படிவங்கள் அதில் உண்டு. கோவிட் காலத்தில் ஆய்வக முடிவே எண்ணிக்கையின் அடிப்படையாயிற்று. மாதிரி எடுக்கும்போது நிரப்பப்பட்ட படிவத்தில் பெயர், வயது, பாலினம், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை கேட்கப்பட்டன, சாதி கேட்கப்படவில்லை. படிவத்தில் இல்லாத ஒன்று பின்னர் எந்த அட்டவணையிலும் தோன்ற இயலாது.

தமிழ்நாட்டு மக்கள் நல்வாழ்வுத் துறையின் தினசரி அறிக்கை ஒப்பீட்டளவில் விரிவானது. ஒவ்வொரு இறப்புக்கும் வயது, பாலினம், மாவட்டம், இணைநோய்கள், மருத்துவமனையில் சேர்ந்த நாள், இறந்த நாள் ஆகியவற்றை அது குறிப்பிட்டது. வெளிநாடுகளிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்களைத் தனியே காட்டியது. இத்தகைய மாநில அறிக்கைகளைத் திரட்டி, நாடு முழுமைக்குமான மாவட்டவாரித் தரவுத்தளத்தைத் தன்னார்வலர்களே உருவாக்கினர். 2020 மார்ச்சில் தொடங்கிய அம்முயற்சி 2021 அக்டோபர் இறுதியில் நிறைவுற்றது. ஆய்வாளர்களும் இதழாளர்களும் பெரிதும் அதனையே நம்பியிருந்தனர்.

மறைந்த இறப்புகள்

எண்ணிக்கை குறைவதற்கு முதற்காரணம் பதிவு முறையிலேயே உள்ளது. 2020இல் இந்தியாவில் பதிவான இறப்புகளுள் மருத்துவச் சான்றுடன் காரணம் குறிக்கப்பட்டவை சுமார் 22.5 விழுக்காடு மட்டுமே. மருத்துவமனைக்கு வெளியே, பரிசோதனை செய்யப்படாமல் இறந்தவர் கோவிட் கணக்கில் சேரவில்லை. மருத்துவமனை எட்டாத தொலைவில் வாழ்பவர் யார், கூலியை இழந்து பரிசோதனைக்குச் செல்ல இயலாதவர் யார் என்று கேட்டால், இக்குறைபாட்டின் சமூக முகம் தெரியும்.

சென்னை இதற்கு ஒரு சான்று. மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டுக்கும் மாநில அரசின் பட்டியலுக்கும் இடையே வேறுபாடு இருப்பது 2020 ஜூனில் வெளிவந்தது. குழு அமைத்து ஆராய்ந்தபின், விடுபட்டிருந்த 444 இறப்புகள் ஜூலை 22 அன்று கணக்கில் சேர்க்கப்பட்டன. இரு பதிவேடுகளை அருகருகே வைத்து ஒப்பிட்டதனாலேயே இது சாத்தியமாயிற்று.

குஜராத்தில் இடைவெளி மேலும் பெரிது. உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் கோவிட் இறப்பு ஒவ்வொன்றுக்கும் 50,000 ரூபாய் கருணைத்தொகை வழங்கும் திட்டம் 2021 அக்டோபரில் ஏற்கப்பட்டது. அம்மாநிலத்தின் அதிகாரபூர்வ இறப்பு எண்ணிக்கை அப்போது 10 ஆயிரத்தைச் சற்றே தாண்டியிருந்தது. 2022 ஜனவரிக்குள் ஏற்கப்பட்ட விண்ணப்பங்களோ 68 ஆயிரத்தைக் கடந்தன. நாடு முழுமைக்கும் 2020, 2021 ஆண்டுகளின் கூடுதல் இறப்புகள் சுமார் 47 இலட்சம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதிகாரபூர்வ எண் ஐந்து இலட்சத்தை எட்டவில்லை. இந்திய அரசு அம்மதிப்பீட்டை மறுத்தது.

சராசரி மறைப்பது

மாவட்டம் என்பது பெரிய அலகு. ஒரே மாவட்டத்தில் ஊரும் சேரியும் வேறு வேறு நீர், வேறு வேறு வீட்டுப் பரப்பு, வேறு வேறு வேலை ஆகியவற்றுடன் வாழ்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 34 விழுக்காடு. கன்னியாகுமரியில் சுமார் 4 விழுக்காடு. இவ்விரு மாவட்டங்களின் தொற்று எண்ணிக்கையை ஒப்பிட்டுச் சாதி குறித்து முடிவுக்கு வருவது பிழை. மாவட்டத்துக்குள் யாருக்குத் தொற்றியது என்பதை மாவட்டக் கூட்டுத்தொகை கூறாது.

அலகைச் சிறிதாக்கினால் என்ன தெரியும் என்பதை மும்பை காட்டியது. 2020 ஜூலையில் அந்நகரின் மூன்று வட்டங்களில் நடந்த குருதி எதிர்ப்பொருள் ஆய்வில், குடிசைப் பகுதியினருள் 57 விழுக்காட்டினருக்கும் பிற பகுதியினருள் 16 விழுக்காட்டினருக்கும் தொற்று ஏற்பட்டிருந்தது தெரியவந்தது.

சாதிவாரியான விடை நான்கு ஆண்டுகள் கழித்தே கிடைத்தது. தேசிய குடும்பநல ஆய்வின் தரவைக் கொண்டு, 2024 ஜூலையில் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. 2019க்கும் 2020க்கும் இடையே சராசரி ஆயுட்காலம் உயர்சாதி இந்துக்களிடையே 1.3 ஆண்டும், பட்டியல் சாதியினரிடையே 2.7 ஆண்டும், பழங்குடியினரிடையே 4.1 ஆண்டும், முஸ்லிம்களிடையே 5.4 ஆண்டும் குறைந்ததாக அது மதிப்பிட்டது. இதனையும் அரசு ஏற்கவில்லை. எனினும், மறுப்பதற்கு ஆதாரமாகக் காட்டத்தக்க சாதிவாரி இறப்புத் தரவு எதனையும் அரசு திரட்டியிருக்கவில்லை. 2020 செப்டம்பரில், ஊரடங்கின்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர் குறித்த தரவு இல்லை என்று நாடாளுமன்றத்தில் கூறியதும் இதே அரசுதான்.

ஆயுதமாகும் ஆபத்து

சமூகவாரித் தரவு இருமுனைக் கத்தி. 2020 ஏப்ரலில் தில்லி அரசின் அறிக்கை நிஜாமுதீன் மர்கஸ் தொடர்புடையோரைத் தனி வரிசையில் காட்டியது. முஸ்லிம்கள் மீதான வெறுப்புப் பரப்புரைக்கு அது துணைபோயிற்று. ஒரு சமூகத்தை நோய்பரப்புவோராகச் சுட்டும் எண்ணும், ஒரு சமூகம் மருத்துவமின்றி இறப்பதை வெளிக்கொணரும் எண்ணும் வேறானவை. தனிமனிதரையோ குடியிருப்பையோ அடையாளம் காட்டாமல், பரிசோதனை, படுக்கை, உயிர்வாயு, இறப்பு ஆகியவற்றில் உள்ள இடைவெளியை மொத்தமாக வெளியிடுவதே நெறி. அமெரிக்காவில் ‘கோவிட் டிராக்கிங் புராஜெக்ட்’ என்னும் தன்னார்வ முயற்சி 2020 ஏப்ரல் முதல் மாநிலவாரியாக இனத்தரவைத் திரட்டி வெளியிட்டது. கறுப்பின மக்களின் மிகை இறப்பு விவாதப் பொருளானதில் அத்தகைய தரவுக்குப் பங்குண்டு.

செயற்பாட்டாளர் கவனத்துக்கு

தொற்று எண்ணிக்கையைத் தனியே படிக்கலாகாது. பரிசோதனை எண்ணிக்கையுடனும் மக்கள்தொகையுடனும் சேர்த்தே படிக்க வேண்டும். பரிசோதனை குறைந்த இடத்தில் தொற்றும் குறைவாகவே தெரியும். இறந்த நாளையும் அறிவிக்கப்பட்ட நாளையும் பிரித்துக் குறிக்க வேண்டும். உள்ளாட்சியின் இறப்புப் பதிவேட்டை முந்தைய ஆண்டுகளின் அதே மாதங்களோடு ஒப்பிட்டால் கூடுதல் இறப்பு புலப்படும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இவ்வெண்களைக் கோரலாம். விடையளிக்க 30 நாள் கெடு உண்டு. தூய்மைப் பணியாளர், மயானத் தொழிலாளர் ஆகியோரின் இறப்புகளை அவர்களுடைய சங்கங்களின் வழியே, குடும்பத்தாரின் ஒப்புதலுடன் பதிவுசெய்வது மற்றொரு வழி.

இறப்புப் பதிவுப் படிவம் இறந்தவரின் மதத்தைக் கேட்கிறது, தொழிலைக் கேட்கிறது, சாதியைக் கேட்பதில்லை. அடுத்த பெருந்தொற்று வரும்முன் சுகாதாரப் படிவங்களில் சமூகப் பிரிவுக்கான கட்டத்தையும், அத்தரவைப் பாதுகாக்கும் சட்டக் காப்பையும் ஒருசேரக் கோருவது இன்றைய பணியாகும்.