பிழை தேடக் கற்ற கேம்பிரிட்ஜ்

நிரலில் பிழை தேடும் வரலாற்றை 1947இல் ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலேயில் சிக்கிய விட்டிலிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அது இயந்திரப் பழுது. பூச்சியை எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது. எழுதியவரின் யோசனையிலேயே ஒளிந்திருக்கும் தவறை எப்படிப் பிடிப்பது என்ற கேள்விக்கு முறையான பதில் தேடிய இடம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் என்பதே என் கணிப்பு. அங்கே எட்சாக் கணினி 1949 மே 6 அன்று முதல் நிரலை ஓட்டியது. அதை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ், சில வாரங்களில் ஏரி சமன்பாடு எனப்படும் வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்க 126 கட்டளைகளில் ஒரு நிரல் எழுதினார். அந்த நிரல் பதிந்த துளைநாடா பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்து, அதை ஆராய்ந்தபோது சுமார் 20 பிழைகள் தெரிந்தன. கணினியைக் கட்டியவருக்கே ஆறு கட்டளைக்கு ஒரு பிழை என்றால், கவனமாக எழுது என்ற அறிவுரை மட்டும் யாரைக் காப்பாற்றும்?

முதலில் எல்லாரும் செய்தது, இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு கட்டளையாக ஓட்டி, திரையில் தெரியும் புள்ளிகளைப் பார்ப்பது. ஒருவர் யோசித்து நிற்கும் நேரமெல்லாம் மற்றவர்களின் கணக்கு காத்துக் கிடந்தது. இதற்கு மாற்றாக வந்தவற்றில் ஒன்று, நிரல் நின்றதும் நினைவகத்தில் இருப்பதை அச்சடித்துக் கொடுக்கும் துணைநிரல். பிரேதப் பரிசோதனை என்றே அதற்குப் பெயர். வில்க்ஸின் குழுவில் இருந்த ஸ்டான்லி கில் இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய சோதனை நிரல் மற்றொரு நிரலின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தானே நிறைவேற்றி, ஒவ்வொன்றுக்கும் உரிய எழுத்தைத் தொலையச்சில் பதித்தது: கூட்டலுக்கு ஏ, கழித்தலுக்கு எஸ். அந்த எழுத்து வரிசையை மேசையில் விரித்துப் படித்தால், நிரல் எந்த இடத்தில் வழி தவறியது என்று தெரிந்துவிடும். 1951இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அவர் இதை விளக்கி எழுதினார். பிழை வெட்கப்பட வேண்டிய கவனக்குறைவு என்ற நிலை மாறி, கருவி கொண்டு ஆராய வேண்டிய பொருளானது. பெரிய மாற்றம் இதுதான்.

இயந்திர நேரம் அரிதாக இருந்ததால் பிறந்த சிக்கனம்தானே இது, இன்று எதற்கு என்று கேட்கலாம். காரணம் சிக்கனம்தான், மறுக்கவில்லை. ஆனால் இயந்திர நேரம் மலிவான பிறகும் இந்த முறைகள் வழக்கொழியவில்லை. படிப்படியாக ஓட்டும் டீபக்கரும், நிரல் முறிந்ததும் கிடைக்கும் நினைவகப் பதிவும் அதே வேலையைத்தான் செய்கின்றன. நடந்தது என்ன என்பதற்குச் சாட்சி இல்லாமல் ஊகத்தில் திருத்தினால், ஒரு பிழையை மூடி இன்னொன்றைத் திறக்கிறோம். ஆகவே நிரலாக்கம் கற்பிப்பவர்கள் பிழை தேடுவதையும் தொடக்கத்திலேயே தனிப்பாடமாக வைக்க வேண்டும். வில்க்ஸ், அதே குழுவின் டேவிட் வீலர், கில் மூவரும் 1951இல் வெளியிட்ட நிரலாக்கப் பாடநூல் அதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருந்தது.