முகத் தழும்பும் லேசர் ஒளியும்: ஒரு வரலாற்றுப் பார்வை

தோல் புற்றுநோயில் அதிகமாகக் காணப்படும் வகை, வெயில் படும் மூக்கிலும் கன்னத்திலும் அடிக்கடி தோன்றும். அறுவை சிகிச்சை நோயை நீக்கிவிடும்; தழும்பு நின்றுவிடும். "உயிர் பிழைத்தாச்சே, தழும்பு என்ன பெரிய விஷயம்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் கண்ணாடியைப் பார்க்கவே தயங்குகிறவருக்கு அது பெரிய விஷயம்தான். இந்தக் கவலைக்கு மருத்துவம் எப்படிப் படிப்படியாகச் செவிசாய்த்தது என்பதைப் பார்ப்போம்.

முதல் படி: குறைவாக வெட்டுதல்

1930களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் மோஸ் ஒரு புதிய முறையை உருவாக்கினார். புற்றுள்ள தோலை மெல்லிய அடுக்குகளாக எடுத்து, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். புற்று இருக்கும் பக்கம் மட்டுமே மேலும் வெட்ட வேண்டும். இதனால் நல்ல தோல் தப்பியது, காயமும் சிறியதானது. இருந்தாலும் தழும்பு முழுசா இல்லாமல் போகவில்லை.

இரண்டாம் படி: ஒளி வந்தது

லேசருக்கான அடிப்படைக் கோட்பாட்டை ஐன்ஸ்டைன் 1917இல் வெளியிட்டார். 1960 மே 16இல் தியடோர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே சின்சினாட்டி நகரத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் அதைத் தோலில் சோதித்தார். கருமையான பகுதிகள் ஒளியை அதிகம் உறிஞ்சுவதைக் கண்டார். 1964இல், இந்தியாவில் பிறந்த குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். இதன் ஒளியைத் தோலிலுள்ள நீர் உறிஞ்சிக்கொள்ளும், மேல்தோல் ஆவியாகும். ஆனால் சூடு சுற்றிலும் பரவியதால், தழும்பைச் சரிசெய்யப் போய்ப் புதுத் தழும்பு உண்டாகும் ஆபத்தும் இருந்தது.

மூன்றாம் படி: குறிபார்த்த ஒளி

1983இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பேரிஷ் இருவரும் இதற்கு வழி காட்டினார்கள். சரியான அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்து, மிகக் குறுகிய நேரம் மட்டும் ஒளியைப் பாய்ச்சினால், இலக்கு மட்டும் சூடாகும். சிவந்த தழும்பில் இலக்கு இரத்தக்குழாய்கள். அவை சுருங்கினால் சிவப்பு குறையும்.

2004இல் இன்னொரு திருப்பம். தோல் முழுவதையும் சுடாமல், ஊசிமுனை அளவுப் புள்ளிகளாக ஒளியைச் செலுத்தும் முறை அறிமுகமானது. புள்ளிகளுக்கு இடையே உள்ள நல்ல தோல் காயத்தை விரைவாக ஆற்றும். புதிய கொலாஜன் உருவாகி, மேடுபள்ளம் குறையும்.

நம் தோலுக்கு ஒரு எச்சரிக்கை

கோல்ட்மன் கண்டது இங்கேதான் நமக்கு முக்கியம். மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் மெலனின் அதிகம். அது ஒளியை உறிஞ்சுவதால் கரும்புள்ளியோ வெளிறிய திட்டோ வரலாம். எனவே வெளிர்நிறத் தோலுக்குப் பயன்படும் அதே அளவை அப்படியே நமக்கும் வைக்க முடியாது. அழகு நிலையத்துச் சலுகை விலையைப் பார்த்துப் போவதைவிட, தோல் மருத்துவரிடம் போவதே நல்லது. புற்று மீண்டும் வந்திருக்கிறதா என்பதை அவர்தான் கவனிப்பார்.

லேசர் தழும்பை அழித்துவிடாது, கண்ணை உறுத்தாதபடி மாற்றும். அவ்வளவுதான். ஆனால் தலைநிமிர்ந்து வெளியே நடக்க ஒருவருக்கு அந்த மாற்றமே போதுமானதாக இருக்கலாம்.

மாணவர்கள் கவனத்திற்கு: வரலாற்றுக் கட்டுரையில் ஆண்டுகளை மட்டும் அடுக்காதீர்கள். ஒவ்வொரு கண்டுபிடிப்பும் முந்தைய முறையின் எந்தக் குறையைத் தீர்த்தது என்று எழுதிப் பழகுங்கள்.